இளையோர் உலகக் கோப்பையும் அதன் ரசிகர்களும்

19 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை, சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் 50 ஓவர் போட்டித் தொடர். 16 நாடுகள் ஆடுகின்றன. தொடருக்கு முன்பாகக் குறிக்கப்படும் ஒரு தேதியில் 19 வயது நிறைவடையாதவர்களுக்கு மட்டுமே அணியில் இடம். இந்த வரம்பால் ஒவ்வொரு முறையும் அணிகள் ஏறக்குறைய முழுவதும் புதிதாகிவிடுகின்றன. போன தொடரில் ஆடியவரை அடுத்ததில் பார்ப்பது அரிது. இந்திய கிரிக்கெட் வாரியம் 2016-இல் இன்னும் கறாராக, ஒருவர் ஒரே ஒரு இளையோர் உலகக் கோப்பையில்தான் ஆடலாம் என்று விதித்துவிட்டது.

அதனால் இந்தத் தொடரின் ரசிகர், தனக்குப் பிடித்த வீரர் என்று யாரையும் மனதில் வைத்துக்கொண்டு வருவதில்லை. முதல் நாளில் பெயர்களே புதிது. யார் தொடக்க ஆட்டக்காரர், யார் சுழற்பந்து வீசுவார் என்பதையெல்லாம் ஆட்டம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வாரம் கழித்து அதே பெயர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்போல வாயில் புழங்கும்.

இப்படிப் பின்தொடர்பவர்கள் இரு வகை. இந்தியா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற நாடுகளின் ரசிகர்களுக்கு இது நாளைய நட்சத்திரத்தை முன்கூட்டியே பார்த்துவைக்கும் இடம். வங்கதேசம், நேபாளம், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் ரசிகர்களுக்கோ இது வேறு விஷயம். மூத்தோர் அணி எட்டாத உயரத்தை இளையோர் அணி எட்டிக் காட்டும் இடம் இது. இந்தத் தொடருக்கு உயிர் கொடுத்தவர்கள் இந்த இரண்டாம் வகையினர் என்று சொல்வதில் தவறில்லை. பெரிய நாடுகளின் ரசிகர்கள் பெரும்பாலும் இறுதிப் போட்டிக்குத்தான் வந்து சேர்வார்கள். இவர்கள் முதல் பந்திலிருந்தே இருப்பார்கள்.

தொடரின் தொடக்கம் 1988. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் குடியேறி 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டிய விழாக்களில் ஒன்றாக ஓர் இளையோர் உலகக் கோப்பை நடத்தப்பட்டது. அப்போது டெஸ்ட் ஆடிவந்த ஏழு நாடுகளும், மற்ற நாடுகளிலிருந்து திரட்டிய ஒரு கூட்டணியும் என எட்டு அணிகள். அடிலெய்டில் நடந்த இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியா பாகிஸ்தானை வென்றது. இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர் தமிழ்நாட்டின் எம்.செந்தில்நாதன், பின்னாளில் சென்னை எம்ஆர்எஃப் வேகப்பந்து வீச்சுப் பயிற்சி மையத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு பிரையன் லாரா, இங்கிலாந்துக்கு மைக் ஆதர்டன் கேப்டன்கள். பாகிஸ்தானுக்காக இன்சமாம் உல் ஹக், இலங்கைக்காக சனத் ஜயசூரிய ஆடினார்கள். இன்று அந்தப் பட்டியலைப் படித்தால் மலைப்பாக இருக்கிறது. அன்று இவர்கள் வெறும் கல்லூரி வயதுப் பையன்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதிகம் இல்லை. இறுதிப் போட்டியில் சதம் அடித்து ஆஸ்திரேலியாவுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் பிரெட் வில்லியம்ஸ். அவர் ஆஸ்திரேலியாவின் மூத்தோர் அணிக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. இந்தத் தொடரின் இயல்பு முதல் ஆண்டிலேயே இப்படித் தெரிந்துவிட்டது.

அதன்பின் பத்தாண்டுகள் யாரும் இதைத் தொடவில்லை. 1998-இல் தென்னாப்பிரிக்காவில் மீண்டும் நடந்து, இங்கிலாந்து வென்றது. அப்போதிலிருந்துதான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு வந்தது. 2000-இல் இலங்கை நடத்தியது. கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் முகமது கைஃப் தலைமையிலான இந்தியா, போட்டியை நடத்திய இலங்கையையே வீழ்த்தியது. தொடர் நாயகன் யுவராஜ் சிங். இந்தியாவில் அப்போது பலர் அந்தத் தொடரை மறுநாள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில்தான் பின்தொடர்ந்தார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2002 ஜூலையில், லார்ட்ஸில் 326 ரன்னைத் துரத்தி இந்தியா திணறியபோது கைகொடுத்தவர்கள் அதே இருவர். ஊரெல்லாம் அன்றுதான் அவர்களைக் கொண்டாடியது. நாளிதழின் மூலையில் அந்த இரண்டு பெயர்களையும் முன்பே படித்து வைத்திருந்தவர்களுக்கு அது சொந்தக் கண்டுபிடிப்புபோல இருந்திருக்கும். இளையோர் கிரிக்கெட்டின் ரசிகருக்குக் கிடைக்கும் பெரிய மகிழ்ச்சி இதுதான்.

மைதானம் நிரம்பி வழியும் கூட்டத்தை இந்தத் தொடர் முதன்முதலாகப் பார்த்தது 2004-இல், வங்கதேசத்தில். 54 ஆட்டங்கள், மொத்தம் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். இறுதிப் போட்டி டாக்காவின் பங்கபந்து தேசிய மைதானத்தில். நகரின் வணிகப் பகுதியின் நடுவே, பார்வையாளர் மாடங்களுக்கு அடியிலேயே மின்சாதனக் கடைகளும் விளையாட்டுச் சாமான் கடைகளும் வளையம் போட்டிருக்கும் மைதானம் அது. 2004 மார்ச் 5 அன்று ஏறத்தாழ 30,000 பேர் அங்கே திரண்டார்கள். ஆடியது பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீஸும். சொந்த அணி இல்லாத ஒரு இறுதிப் போட்டிக்கு, அதுவும் பள்ளி முடித்த வயதுப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு, அத்தனை கூட்டம். பாகிஸ்தான் 25 ரன் வித்தியாசத்தில் வென்றது.

ஏன் அவ்வளவு கூட்டம் என்று புரிய அந்நாட்டின் அன்றைய நிலையைப் பார்க்க வேண்டும். வங்கதேசத்துக்கு 2000-இல் டெஸ்ட் தகுதி கிடைத்தது. ஆனால் முதல் டெஸ்ட் வெற்றி 2005 ஜனவரியில்தான் வந்தது. ஒருநாள் ஆட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். 1999 உலகக் கோப்பையில் பாகிஸ்தானைத் தோற்கடித்த பிறகு, 2004 மார்ச் வரை அந்த அணி ஒரு ஒருநாள் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு வறட்சி. அந்த வறட்சியின் கடைசி வாரங்களில்தான் இளையோர் உலகக் கோப்பை டாக்காவுக்கு வந்தது. அந்தத் தொடரில் ஆஸ்திரேலியாவை ஜிம்பாப்வே 73 ரன்னுக்குச் சுருட்டியதால், ஆஸ்திரேலியா முதல் சுற்றிலேயே பின்தங்கி, பிளேட் எனப்படும் இரண்டாம் நிலைக் கோப்பைக்குத் தள்ளப்பட்டது. வங்கதேசமும் அங்கேதான் இருந்தது. பிளேட் இறுதியில் வங்கதேசம் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தது. இரண்டாம் நிலைக் கோப்பைதான். ஆனாலும் மஞ்சள் சட்டைக்காரர்களை வென்றாகிவிட்டது. தோல்வியையே பார்த்துப் பழகிய ரசிகர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, கோப்பைகளுக்குப் பழகிவிட்ட நாடுகளின் ரசிகர்கள் எளிதில் உணர முடியாது.

2008-க்குப் பிறகு இந்திய ரசிகர்களின் பார்வை மாறியது. அந்த ஆண்டு மலேசியாவில் விராட் கோலி தலைமையில் இந்தியா கோப்பையை வென்றது. கோலாலம்பூரில் மழை குறுக்கிட்ட இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா 12 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த சில வாரங்களிலேயே ஐபிஎல் தொடங்கியது. அந்த அணியின் பையன்களை ஐபிஎல் அணிகள் தனிப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்தன. டெல்லி அணி உள்ளூர்க்காரரான கோலியை விட்டுவிட்டு, வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்துக்கொண்டது. கோலி பெங்களூருவுக்குப் போனார். அதன்பின் இளையோர் உலகக் கோப்பையை ஐபிஎல் ஏலத்தின் முன்னோட்டமாகப் பார்க்கும் பழக்கம் இந்திய ரசிகர்களிடம் வேரூன்றிவிட்டது. ஒரு பையன் நன்றாக ஆடினால், எந்த ஐபிஎல் அணி எடுக்கும், எத்தனை கோடி போகும் என்பதே முதல் பேச்சு. இது வருத்தத்துக்குரிய மாற்றம். அன்றைய ஆட்டத்தை அன்றைய ஆட்டமாகவே பார்க்கும் சுகம் இதில் போய்விடுகிறது.

வெற்றிகளுக்கு மட்டும் குறைவில்லை. 2012-இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில், உன்முக்த் சந்த் ஆட்டமிழக்காமல் 111 ரன் அடித்து, ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே வீழ்த்திக் கோப்பை வாங்கித் தந்தார். தமிழ்நாட்டின் பாபா அபராஜித் அந்த அணியில் இருந்தார். 2016 முதல் 2024 வரை நடந்த ஐந்து தொடர்களிலும் இந்தியா இறுதிப் போட்டிக்கு வந்தது; அவற்றில் இரண்டில், 2018-இலும் 2022-இலும், வென்றது. 2016 அணியில் சென்னையின் வாஷிங்டன் சுந்தர் ஆடினார். 2016-இலும் 2018-இலும் இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் ராகுல் டிராவிட். அவர் ஓய்வறையில் இருக்கிறார் என்பதற்காகவே ஆட்டம் பார்த்தவர்களும் உண்டு.

இந்தத் தொடரைப் பின்தொடர்வது அவ்வளவு எளிதன்று. ஒரே நாளில் நான்கு ஆட்டங்கள் வெவ்வேறு ஊர்களில் நடக்கும். அவற்றில் சில மட்டுமே நேரலையில் வரும். மற்றவற்றுக்குப் பந்துக்குப் பந்து மாறும் ஸ்கோர் பலகையே கதி. நியூசிலாந்தில் நடந்தால் இந்திய ரசிகர் விடியலுக்கு முன் எழ வேண்டும். வெஸ்ட் இண்டீஸில் நடந்தால் நள்ளிரவு தாண்டி விழித்திருக்க வேண்டும். 2022-இல் டிரினிடாடின் குயின்ஸ் பார்க் ஓவல் மைதானத்தில் ஜிம்பாப்வே, அயர்லாந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது நிலநடுக்கம் வந்தது. ஒளிபரப்புக் கேமராக்கள் ஆடின. வர்ணனையாளர் அதைச் சொல்லிக்கொண்டே போனார். மைதானத்தில் நின்ற பையன்களுக்கு எதுவும் தெரியவில்லை, அடுத்த பந்தை வீசினார்கள். நேரலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்த அபூர்வமான காட்சி அது.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2024-இல் 16 அணிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிந்து ஆடின. ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று அணிகள் சூப்பர் சிக்ஸ் சுற்றுக்குப் போயின. முந்தைய சுற்றில் எடுத்த புள்ளிகளில் ஒரு பகுதி கூடவே வந்தது. அங்கே தன் பிரிவில் முதல் இரண்டு இடம் பிடித்தால் அரையிறுதி. புள்ளிகள் சமமானால் நெட் ரன் ரேட். அந்த ஆண்டு பிப்ரவரி 3 அன்று பெனோனியில் பாகிஸ்தானும் வங்கதேசமும் மோதின. பாகிஸ்தான் 155 ரன்னுக்குச் சுருண்டது. வங்கதேச ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் வென்றால் மட்டும் போதாது, 38.1 ஓவருக்குள் வெல்ல வேண்டும் என்பது நெட் ரன் ரேட் கணக்கு. பையன்கள் அவசரப்பட்டார்கள், விக்கெட்டுகள் சரிந்தன. பாகிஸ்தானின் உபைத் ஷா ஐந்து விக்கெட் எடுத்தார். 36-ஆவது ஓவரில் வங்கதேசம் 150 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. ஐந்து ரன்னில் அரையிறுதி கைநழுவியது. அந்தக் கடைசி ஓவர்களில் ஒரு கண் ஸ்கோரிலும் ஒரு கண் ஓவர் எண்ணிலும் வைத்துக்கொண்டு தவித்த வங்கதேச ரசிகர்களின் நிலையை வேறெந்த விளையாட்டிலும் எளிதில் காண முடியாது.

அதே வங்கதேசம் நான்கு ஆண்டுகளுக்கு முன் உலகக் கோப்பையையே வென்றிருந்தது. இளையோர் உலகக் கோப்பையின் வரலாற்றில் ரசிகர்களின் கதையாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அது 2020-தான்.

அந்த வெற்றிக்குப் பின்னால் தோல்விகளின் ஒரு வரிசை இருந்தது. 2018 அக்டோபரில், மீர்பூரில், சொந்த ரசிகர்கள் முன்னால், இளையோர் ஆசியக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவிடம் இரண்டு ரன்னில் தோற்றார்கள். 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தில் நடந்த முத்தரப்புத் தொடரின் இறுதியிலும் இந்தியாவிடமே தோல்வி. அடுத்த மாதம் கொழும்பில் ஆசியக் கோப்பை இறுதி: இந்தியா வெறும் 106 ரன்னுக்கு ஆட்டமிழந்தும், வங்கதேசம் 101-இல் முடிந்துபோனது. ஐந்து ரன். கோட்டைத் தொடும் நேரத்தில் இந்தியாவிடம் இடறி விழுவது மூத்தோர் அணிக்கும் பழக்கமாகிப் போயிருந்தது. அந்த விதி இளையோரையும் பிடித்துவிட்டதோ என்ற அச்சம் ரசிகர்களிடம் இருந்தது. இதற்கிடையே வங்கதேச வாரியம் செய்த நல்ல காரியம், தோற்றதற்காக அணியைக் கலைக்காமல் ஒரே குழுவாக வைத்திருந்தது. பயிற்சியாளர் இலங்கையின் முன்னாள் டெஸ்ட் வீரர் நவீத் நவாஸ். இங்கிலாந்து, நியூசிலாந்து என்று வெளிநாட்டு ஆடுகளங்களில் இரண்டு ஆண்டுகளாக ஆடி ஆடிப் பழக்கினார்கள்.

2020 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இறுதிப் போட்டி தென்னாப்பிரிக்காவின் பாட்செஃப்ஸ்ட்ரூம் என்ற பல்கலைக்கழக ஊரில். எதிரணி, மறுபடியும் இந்தியா. வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு வேலை நாள். அலுவலகத்திலும் கடையிலும் இருந்தபடியே ஆட்டத்தைப் பார்த்தார்கள். பாட்செஃப்ஸ்ட்ரூமின் புல்மேடுகளில் பச்சையும் சிவப்புமாக வங்கதேசக் கொடிகள் நிறைந்திருந்தன. தென்னாப்பிரிக்காவின் சிறு ஊர்களில் கடை வைத்துப் பிழைக்கும் வங்கதேசத்தவர் ஏராளம். நாடு விட்டு வந்தவர்களுக்குத் தங்கள் கொடி ஓர் உலகக் கோப்பை இறுதியில் பறப்பதைக் காணக் கிடைத்த நாள் அது.

டாஸ் வென்ற வங்கதேசம் பந்துவீச முடிவு செய்தது. இந்தியாவின் யஷஸ்வி ஜெய்ஸ்வால் 88 ரன் எடுத்தார். மூன்று விக்கெட்டுக்கு 156 என்று வலுவாக இருந்த இந்தியா, கடைசி ஏழு விக்கெட்டுகளை 21 ரன்னில் இழந்து 177-இல் முடிந்தது. எளிதான இலக்கு என்று தோன்றியது. தொடக்க ஜோடி ஐம்பது ரன் சேர்த்ததும் ரவி பிஷ்னோய் பந்துவீச வந்தார். லெக் ஸ்பின்னில் அடுத்தடுத்து நான்கு விக்கெட். கொழும்பு நினைவு எல்லோருக்கும் வந்திருக்கும். தொடக்க ஆட்டக்காரர் பர்வேஸ் ஹுசைன் எமோன் கால் தசைப்பிடிப்பால் நிற்க முடியாமல் வெளியே போயிருந்தார். ஆறு விக்கெட் போன பிறகு அவரே நொண்டிக்கொண்டு திரும்பி வந்து, கேப்டன் அக்பர் அலியோடு சேர்ந்து ரன் சேர்த்து, 47-இல் ஆட்டமிழந்தார். ஏழு விக்கெட் போயிற்று. இன்னும் 35 ரன் வேண்டும்.

அங்கே அக்பர் அலி செய்ததைத்தான் வங்கதேச ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்கள். அவர் அடிக்கவே போகவில்லை. ஓவர்கள் நிறைய இருந்தன, விக்கெட்டுகள்தான் இல்லை. பந்துவீச்சாளரான ரகிபுல் ஹசனை மறுமுனையில் வைத்துக்கொண்டு, கெட்ட பந்துக்காகக் காத்திருந்து, ஒன்றொன்றாகச் சேர்த்தார். மூத்தோர் அணி பல இறுதிப் போட்டிகளில் காட்டத் தவறிய நிதானம் அது. 163 ரன் இருக்கும்போது மழை வந்து ஆட்டம் நின்றது. மழை விட்டதும் இலக்கு திருத்தப்பட்டது: 30 பந்தில் ஏழு ரன். ரகிபுல் வெற்றி ரன்னை எடுத்தார். அக்பர் அலி 77 பந்தில் 43, ஆட்டமிழக்கவில்லை. ஆண்கள், பெண்கள், மூத்தோர், இளையோர் என எந்தப் பிரிவிலும் வங்கதேசம் வென்ற முதல் உலகக் கோப்பை அதுதான்.

வெற்றிக் களிப்பில் மைதானத்துக்குள் ஓடிவந்த வங்கதேச வீரர்களுக்கும் இந்திய வீரர்களுக்கும் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. வங்கதேசத்தின் மூவர், இந்தியாவின் இருவர் மீது ஐசிசி நடவடிக்கை எடுத்தது. இரு நாட்டு ரசிகர்களும் சமூக ஊடகங்களில் அதைவிட மோசமாகச் சண்டை போட்டார்கள். பதினெட்டு வயதுப் பையன்களின் சச்சரவை நாட்டின் மானப் பிரச்சினையாக்கிய அந்த நாட்கள், ஒரு நல்ல ஆட்டத்தின் மேல் படிந்த கறை. அக்பர் அலி ஆட்டம் முடிந்ததுமே தன் வீரர்களின் நடத்தைக்கு வருத்தம் தெரிவித்தார். பெரியவர்களைவிட அவர் முதிர்ச்சியோடு நடந்துகொண்டார்.

பிப்ரவரி 12 அன்று அணி டாக்காவுக்குத் திரும்பியது. விமான நிலையத்திலும் மீர்பூர் மைதானத்திலும் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் தெருவில் நடந்தால் யாருக்கும் அடையாளம் தெரிந்திராத பையன்களின் பெயரைச் சொல்லி முழக்கமிட்டார்கள். மைதானத்தில் கேக் வெட்டினார்கள். ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ஒரு லட்சம் டாக்கா ஊதியம் என்று வாரியம் அறிவித்தது. அந்தப் பணத்தின் அருமை பெரியது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் படிப்பா, வேலையா, கிரிக்கெட்டா என்று முடிவெடுக்க வேண்டிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

அந்த அணியிலிருந்து பலர் மூத்தோர் அணிக்கு வந்தார்கள். 2022 ஜனவரியில் மவுண்ட் மாங்கனூயில் நியூசிலாந்தை அதன் மண்ணிலேயே வங்கதேசம் முதன்முறையாக டெஸ்டில் வென்றபோது, தொடக்க ஆட்டக்காரர் மஹ்முதுல் ஹசன் ஜாயும் வேகப்பந்து வீச்சாளர் ஷொரிஃபுல் இஸ்லாமும் அந்தப் பதினொருவரில் இருந்தார்கள். இருவரும் பாட்செஃப்ஸ்ட்ரூமில் ஆடியவர்கள்.

நேபாளத்தின் கதைக்கு இவ்வளவு பெரிய உச்சம் இல்லை. பற்று மட்டும் குறைந்ததில்லை. டெஸ்ட் தகுதி இல்லாத அந்நாட்டின் இளையோர் அணி 2002-இல் பாகிஸ்தானை வென்றது. 2006-இல் தென்னாப்பிரிக்காவையும் நியூசிலாந்தையும் தோற்கடித்து பிளேட் கோப்பையை எடுத்தது. 2016-இல் நியூசிலாந்தையும் அயர்லாந்தையும் வென்று காலிறுதிக்குப் போனது. அயர்லாந்துக்கு எதிராக சந்தீப் லாமிச்சானே ஹாட்ரிக் எடுத்தார். 2024-இல் கிழக்கு லண்டன் என்ற தென்னாப்பிரிக்க ஊரில் ஆப்கானிஸ்தானை ஒரே விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தி சூப்பர் சிக்ஸுக்குள் நுழைந்தது. காத்மாண்டு திரிபுவன் பல்கலைக்கழக மைதானத்தில் மரத்தின் மேலும் கட்டடங்களின் மேலும் ஏறி நின்று கிரிக்கெட் பார்க்கும் மக்கள் அவர்கள். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் வேலை பார்ப்போர் கைப்பேசியில் ஸ்கோர் பார்த்துக்கொண்டே வேலை முடிக்கிறார்கள். ஆப்கானிஸ்தான் 2018-இல் நியூசிலாந்தை அதன் சொந்த மண்ணில் 202 ரன் வித்தியாசத்தில் நொறுக்கி அரையிறுதிக்குப் போனது. பாகிஸ்தானின் அகதி முகாம்களில் கிரிக்கெட் கற்றுக்கொண்ட தலைமுறையைக் கொண்ட நாடு அது என்பதை நினைத்தால் அந்த வெற்றியின் எடை தெரியும்.

இந்தத் தொடரை ஆழ்ந்து பின்தொடர்பவர்கள் கூடவே கற்றுக்கொள்ளும் ஒன்றும் உண்டு. இங்கே ஜொலித்தவர் எல்லாம் மேலே போவதில்லை. 2012-இல் நாடே கொண்டாடிய உன்முக்த் சந்த் இந்திய மூத்தோர் அணிக்கு ஆடவேயில்லை. 2021-இல் இந்திய கிரிக்கெட்டிலிருந்து விலகி அமெரிக்காவுக்குப் போனார். 2004-இல் 505 ரன் குவித்துத் தொடர் நாயகனான ஷிகர் தவான், இந்திய டெஸ்ட் அணிக்குள் வர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுபுறம், தோனி, அஸ்வின், பும்ரா மூவருமே இளையோர் உலகக் கோப்பை ஆடாதவர்கள். ஆகவே ஒரு தொடரை வைத்து ஒரு பையனைத் தூக்கி நிறுத்துவதும், ஒரு கேட்ச் விட்டதற்காகச் சமூக ஊடகத்தில் அவனையும் அவன் குடும்பத்தையும் ஏசுவதும் ஒன்றுபோலவே தவறு. இரண்டாவது கொடுமையும்கூட.

பெண்களுக்கான இளையோர் உலகக் கோப்பை மிகவும் தாமதமாக, 2023-இல்தான், 20 ஓவர் தொடராகத் தொடங்கியது. ஷெஃபாலி வர்மா தலைமையில் இந்தியா வென்றது; இங்கிலாந்தை 68 ரன்னுக்குச் சுருட்டிய அந்த இறுதிப் போட்டி நடந்ததும் பாட்செஃப்ஸ்ட்ரூமில்தான். இந்திய மகளிர் கிரிக்கெட் எந்தப் பிரிவிலும் வென்ற முதல் உலகக் கோப்பை அது. 2025-இல் மலேசியாவில் நிக்கி பிரசாத் தலைமையில் இந்தியா தென்னாப்பிரிக்காவை வென்று கோப்பையைத் தக்கவைத்தது. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 ரன் எடுத்தவர் தமிழ்நாட்டின் ஜி.கமலினி. விக்கெட் கீப்பராகவும் தொடக்க ஆட்டக்காரராகவும் ஆடிய அவர், மதுரையில் வளர்ந்து கிரிக்கெட்டுக்காகச் சென்னைக்கு வந்தவர். அதே தொடரில், சரவாக்கில் மழையால் 13 ஓவராகக் குறைக்கப்பட்ட ஆட்டத்தில், நைஜீரியா நியூசிலாந்தை இரண்டு ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. நைஜீரியாவில் பெண்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்பதே பலருக்கும் அன்றுதான் தெரிந்தது.

இத்தொடர்களைப் பின்தொடர விரும்புவோருக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. அட்டவணை, அணிப்பட்டியல், ஸ்கோர் எல்லாம் ஐசிசியின் இணையதளத்திலும் செயலியிலும் இலவசமாகக் கிடைக்கும். இறுதிப் போட்டிக்காகக் காத்திராமல் முதல் வாரத்திலிருந்தே, அதுவும் சிறிய நாடுகள் ஆடும் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்குவது நல்லது. 2027 மகளிர் இளையோர் உலகக் கோப்பையை நடத்தும் உரிமையை ஐசிசி வழங்கியிருப்பது வங்கதேசத்துக்கும் நேபாளத்துக்கும்.